வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல ஹெட்ஃபோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்ஃபோன் வாங்கப் போகும் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கான ஹெட்ஃபோன் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. பயணத்துக்கும் உடற்பயிற்சிக்கும் அலுவலக அழைப்புக்கும் கணக்கே வேறு.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸ் கையில் இருக்கிறது. தனியாக இன்னொன்று எதற்கு?

கட்டாயம் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இயர்பட்ஸ் வெளியே போட்டுக்கொண்டு போவதற்காகச் செய்யப்படுவது. சின்னதாக இருக்க வேண்டும், காதிலிருந்து நழுவக் கூடாது, வியர்வையைத் தாங்க வேண்டும், பேட்டரியும் நிற்க வேண்டும். வீட்டில் இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. பெரிதாக இருந்தால் என்ன, வயர் தொங்கினால் என்ன, பார்க்க அசிங்கமாக இருந்தால்தான் என்ன? அந்தத் தொல்லைகளை எல்லாம் விட்டுவிட்டு ஒலியையும் சௌகரியத்தையும் மட்டும் கவனித்துச் செய்த ஹெட்ஃபோனை வீட்டில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரிய ஹெட்ஃபோனில் ஒலி உங்கள் காது மடலில் பட்டுத்தான் உள்ளே போகிறது. பிறந்ததிலிருந்து எல்லா ஓசையையும் நாம் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். செருகு வகை அந்த மடலையே தாண்டிப் போய்விடுகிறது. பெரிய ஹெட்ஃபோனில் பாட்டு கொஞ்சம் காற்றோட்டமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓப்பன் பேக், குளோஸ்டு பேக் என்கிறார்களே, எதை வாங்குவது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். மாடலைப் பற்றிய யோசனை எல்லாம் அப்புறம்.

காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சல்லடை போலத் திறந்திருந்தால் அது ஓப்பன் பேக். அடைத்திருந்தால் குளோஸ்டு பேக். ஒலி எழுப்பும் மெல்லிய ஜவ்வு முன்னால் தள்ளும்போது பின்னாலும் அதே அளவு ஒலியைத் தள்ளுகிறது. ஓப்பன் பேக்கில் அந்தப் பின்னொலி வெளியே போய்விடும். குளோஸ்டு பேக்கில் அது கிண்ணத்துக்குள்ளேயே முட்டி மோதி, பாதி திரும்பி உங்கள் காதுக்கே வரும். அதைச் சரிக்கட்டத்தான் உள்ளே பஞ்சும் அறைகளும் துளைகளுமாக ஏதேதோ வைக்கிறார்கள். நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செய்வது கடினம், அதனால் ஒரே விலையில் பெரும்பாலும் ஓப்பன் பேக்தான் இயல்பாக ஒலிக்கும். காதிலும் சூடு ஏறாது.

அப்படியானால் எல்லோரும் அதையே வாங்கிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஓப்பன் பேக் எதையும் மறைக்காது. நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். மின்விசிறிச் சத்தம், அடுத்த அறைப் பேச்சு, வாசலில் போகும் வண்டி எல்லாம் உங்களுக்கும் கேட்கும். தனி அறையும் அமைதியான நேரமும் வாய்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓப்பன் பேக் வாங்கலாம். இரவு பத்து மணிக்கு மேல், தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் குளோஸ்டு பேக்தான். ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், யாரோ புரண்டு படுக்கும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால் அதில் என்ன சுகம்?

ஒரு தகவல்: முதல் ஓப்பன் பேக் என்று சொல்லப்படுவது ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-ல் வெளியிட்ட எச்டி 414. மஞ்சள் நிற ஸ்பாஞ்சு வைத்த, எடையே இல்லாத பொருள். ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கவென்றே ஹெட்ஃபோன் வந்தது அதற்குப் பத்து வருடம் முன்னால், 1958-ல், அமெரிக்காவின் ஜான் காஸ் செய்த எஸ்பி/3. அதுவரை ஹெட்ஃபோன் என்றால் தந்திக்காரர்களும் ரேடியோ ஆபரேட்டர்களும் மாட்டிக்கொள்வது.

காதைச் சுற்றி உட்காருவதா, காதின் மேலேயே உட்காருவதா?

சுற்றி உட்காருவது. காதின் மேல் அழுத்தும் வகை அரை மணி நேரத்தில் மடலை நோகடிக்கும். விதிவிலக்கு உண்டு, அந்த வகைக்குப் பெயர் போன கிராடோ கம்பெனியின் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

டைனமிக், பிளேனார், எலெக்ட்ரோஸ்டாட்டிக்: எது உயர்ந்தது?

உயர்வு தாழ்வு அந்த வகையில் இல்லை, செய்த விதத்தில்தான் இருக்கிறது. டைனமிக் என்பது சின்ன ஸ்பீக்கர் மாதிரி: ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம், ஒரு ஜவ்வு. உலகத்தில் பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் இதுதான். பிளேனாரில் ஜவ்வு முழுவதுமே மெல்லிய மின்தடம் ஓடும், இரு பக்கமோ ஒரு பக்கமோ காந்த வரிசை இருக்கும். ஆழ்ந்த பாஸ் (தாழ்ந்த ஸ்தாயி ஒலி) சிதறாமல் நேராக வரும் என்பது அதன் பலம். காந்தங்களால் எடை கூடும் என்பது பலவீனம். சில மாடல்கள் 600 கிராமைத் தொடும். எலெக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் தனிக் கருவியே வேண்டும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் இதற்குப் பெயர் போனது. முதல் ஹெட்ஃபோனாக இதை யாருக்கும் நான் சொன்னதில்லை.

பெட்டியில் "5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருக்கிறது. அது நல்லதுதானே?

அந்த எண்ணைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. மேல் எல்லை வயதாக ஆகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். அதைவிட முக்கியம், அந்த எல்லையில் ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. 40,000 ஹெர்ட்ஸில் எறும்பு நடக்கும் சத்தத்தில் வந்தாலும் "வருகிறது" என்று போட்டுக்கொள்ளலாம். டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் பாகம், 40 மி.மீ.யா 50 மி.மீ.யா என்பதும் இதே கதைதான். பெரிய பானையில் சமைத்ததாலேயே சாப்பாடு ருசித்துவிடாது.

அப்படியானால் நல்ல ஒலி என்பதை எதை வைத்துச் சொல்வது?

எந்த ஸ்தாயி எவ்வளவு தூக்கலாகக் கேட்கிறது, எது அமுங்குகிறது என்பதுதான் ஒரு ஹெட்ஃபோனின் குணத்தில் பெரும்பங்கு. இதை அளந்து கோடாக வரைந்து காட்டுவதைத்தான் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்கிறார்கள். நம்பகமாக அளந்து போடுகிறவர்களின் வரைபடம் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். படிக்கப் பழகிக்கொண்டால் விமர்சனங்களில் வரும் "பட்டுப் போன்ற", "தேன் போன்ற" வர்ணனைகள் பாதி தேவைப்படாது.

நல்ல ஹெட்ஃபோனின் கோடு நேராக இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இருக்காது, இருக்கவும் கூடாது. எதிரே ஒருவர் பாடும்போது அந்த ஒலி உங்கள் மடலிலும் காதுக் குழாயிலும் எதிரொலித்து, சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே பெருகித்தான் செவிப்பறையை அடைகிறது. காதை ஒட்டி உட்காரும் ஹெட்ஃபோன் அந்தப் பெருக்கத்தைத் தானே போட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரிகிறது. அந்த மேடு இல்லாத ஹெட்ஃபோனில் பாடகர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பாடுவது போலிருக்கும்.

ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகிய ஆராய்ச்சியாளர்களும் அவர்களின் குழுவும் 2013 வாக்கிலிருந்து பலரை உட்கார வைத்து, பெயர் தெரியாமல் பல ஒலியமைப்புகளைக் கேட்க வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்பது போன்ற அமைப்பு: பாஸ் கொஞ்சம் தூக்கல், அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேடு, அதற்கு மேல் மெல்ல இறக்கம். அதைத்தான் ஹார்மன் டார்கெட் என்கிறார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோருக்கும் பாஸ் ஒரே அளவு பிடிப்பதில்லை என்று அதே ஆய்வே சொல்கிறது. ஆனால் அதிலிருந்து ரொம்ப விலகிப் போகும் ஹெட்ஃபோனை வாங்குமுன் காதால் கேட்டுவிடுவது நல்லது.

கடையிலோ நண்பர் வீட்டிலோ கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எப்படிச் சோதிப்பது?

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வருடங்களுக்கு முன் ஒரு கடையில் இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் கேட்டேன். ஒன்று பளிச்சென்று இருந்தது. ஜால்ரா ஒலி தூள் தூளாகத் தெறித்தது, பாடகி மூச்சை இழுப்பது கூடக் கேட்டது. இன்னொன்று அதன் பக்கத்தில் சோம்பலாகத் தெரிந்தது. பளிச்சையே வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம். இரண்டாவது வாரம் அரை மணி நேரம். மாதக் கடைசியில் அது அலமாரியில் இருந்தது, ஏன் என்று எனக்கே புரியவில்லை. காது கூசிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைத் துல்லியம் என்று நினைத்திருக்கிறேன்.

அதனால் முதல் பத்து நிமிடத்தில் மயக்குவதை நம்பாதீர்கள். நேரம் இருக்கும் நாளில் போய், ஒரு முழு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றும்போது "அதற்குள்ளா?" என்று தோன்றுகிறதா, "அப்பாடா" என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்தது சத்த அளவு. இரண்டில் எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடும்போது பாஸும் ட்ரெபிளும் (உச்ச ஸ்தாயி ஒலி) காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும் என்பதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஹெட்ஃபோனை மாற்றும்போதும் வால்யூமைத் திருத்தி, இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

என்ன பாட்டு போடுவது? கடைக்காரர் வைத்திருக்கும் டெமோ பாட்டு வேண்டாம், அது எதிலும் நன்றாகத்தான் இருக்கும். நூறு முறை கேட்டு மனப்பாடமான நான்கைந்து பதிவுகளை எடுத்துக்கொண்டு போங்கள். நான் வைத்திருப்பவற்றைச் சொல்கிறேன். ஒன்று, மிருதங்கம் தனியாக ஒலிக்கும் ஒரு பதிவு. தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கையை அழுத்தி நகர்த்திக் கும்கி இழுக்கும்போது அந்த ஒலி வழுக்கிக்கொண்டு மேலே போவது தனியாகத் தெரிய வேண்டும். வெறும் "தொம்" என்று உப்பினால் பாஸ் கொழகொழப்பு என்று அர்த்தம். அதே நேரம் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், சாப்பு என்ற அடி பளீரென்று விழ வேண்டும், காதைக் குத்தக் கூடாது. இரண்டு, ஒரு பெண் குரல், பக்கவாத்தியம் குறைவாக. "ஆசை", "நேசம்" மாதிரி சொற்களில் சகரம் ஊசி போலச் சீறுகிறதா என்று கவனியுங்கள். சீறினால் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கல் இருக்கிறது. மூன்று, நாற்பது ஐம்பது வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் ஏதாவது ஒன்று. ஒவ்வொன்றாகக் காதால் தேடிப் பிடிக்க முடிகிறதா, எல்லாம் ஒரே கூழாகிறதா? நான்காவது, பழைய, கரகரப்பான பதிவு ஒன்று. நாம் வீட்டில் கேட்பதில் பாதி அதுதானே. பிரமாதமான பதிவுகளை மட்டும் பிரமாதமாகக் காட்டி, பிடித்த பழைய பாட்டைக் கேட்க முடியாமல் செய்யும் ஹெட்ஃபோன் எனக்கு வேண்டாம்.

கேட்டுப் பார்க்க வழியே இல்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால்?

திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள். பெட்டியைக் கிழிக்காமல் திறந்து, குஷனில் எண்ணெய் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்துவிடுங்கள். அவகாசம் முடிந்த மறுநாள்தான் எல்லாக் குறையும் கண்ணில் படும்.

கண்ணாடி போடுகிறேன். ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். குளோஸ்டு பேக் ஹெட்ஃபோனின் பாஸ், குஷன் தலையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுவதை நம்பித்தான் இருக்கிறது. கண்ணாடியின் காது அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்கிவிடும். பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ் சட்டென்று கூடினால் அங்கே காற்று ஒழுகுகிறது. மென்மையான, தடித்த குஷனும் மெல்லிய சட்டக் கண்ணாடியும் இதை ஓரளவு சரிசெய்யும். தலை நிறைய முடி இருப்பவர்களும், பெரிய தோடு போடுபவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். ஓப்பன் பேக்கில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

32 ஓம், 250 ஓம், 300 ஓம் என்கிறார்கள். ஓம் கூடினால் தரம் கூடுமா?

கூடாது. ஓம் என்பது அந்த ஹெட்ஃபோன் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, அவ்வளவுதான். அதிக ஓம் உள்ளதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், குறைந்த ஓம் உள்ளது அதிக கரண்ட் இழுக்கும். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு டெசிபல் என்பது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பயப்படாதீர்கள். போனிலோ, அதில் செருகும் சின்ன டாங்கிளிலோ (ஹெட்ஃபோன் துளை தரும் சிறு கருவி) அதிகபட்சம் 1 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது 3.3 மில்லிவாட். அதன் சென்சிட்டிவிட்டி மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்றால், கிடைக்கும் உச்ச ஒலி சுமார் 102 டெசிபல். கேட்டால் நிறையத் தோன்றும். ஆனால் நல்ல பதிவில் மேளம் ஓங்கி விழும் உச்சம் சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே இருக்கும். ஆக சராசரி 82 பக்கம்தான் நிற்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். சத்தம் குறைவாகப் பதிவான கச்சேரியைக் கொஞ்சம் உரக்க வைக்க நினைத்தால் வால்யூம் முழுக்க ஏற்றியும் போதவில்லை என்று படும்.

அந்தச் சென்சிட்டிவிட்டி எண்ணைப் படிக்கும்போது ஒரு சூட்சுமம்: சிலர் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் வோல்ட்டுக்கு இத்தனை என்று போடுவார்கள். மேலே சொன்ன அதே ஹெட்ஃபோன் இரண்டாவது முறையில் 102 என்று பெட்டியில் இருக்கும். இரண்டு கம்பெனிப் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடும் முன் எந்த முறை என்று பாருங்கள்.

அப்போ ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தனியாக வாங்க வேண்டுமா?

முதலில் ஹெட்ஃபோனை வாங்கி இருப்பதிலேயே போட்டுக் கேளுங்கள். வால்யூம் முக்கால்வாசிக்குள் போதுமான உரப்பு கிடைத்தால் ஆம்ப் தேவையில்லை. ஆம்ப் போட்டால் ஒலி "திறந்துகொள்ளும்" என்பார்கள். பெரும்பாலான நேரம் அங்கே திறந்துகொள்வது வால்யூம்தான்.

வாங்குவதானால் பார்க்க வேண்டிய ஒன்று, ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஹெட்ஃபோன் துளையில் ஆம்பே காட்டும் தடை. அது ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓமுக்குள். சில பழைய ஸ்டீரியோ ரிசீவர்களின் ஹெட்ஃபோன் துளையில் இது நூறு ஓமுக்கு மேலும் இருக்கும். டைனமிக் ஹெட்ஃபோன்களின் தடை எல்லா ஸ்தாயியிலும் ஒன்றாக இருப்பதில்லை. பாஸ் பகுதியில் பலவற்றுக்கு ஏறும். அப்படிப்பட்ட துளையில் செருகினால் பாஸ் உப்பிக்கொள்ளும். சிலருக்கு அதுவே பிடித்துப்போவதும் உண்டு, அதில் தப்பில்லை. பிளேனாருக்கு இந்த ஏற்றத்தாழ்வு கிட்டத்தட்டக் கிடையாது.

டிஏசி என்று தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களே?

டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் பகுதி அது. உங்கள் போன், கணினி, வயர்லெஸ் ஹெட்ஃபோன் எல்லாவற்றுக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கணினியின் துளையில் செருகியதும் மெல்லிய இரைச்சலோ, மவுஸை நகர்த்தினால் கீச்சுச் சத்தமோ கேட்டால் வெளியே ஒன்று வையுங்கள். போனில் ஹெட்ஃபோன் துளையே இல்லை என்றாலும் வேண்டும். இதற்கு விரல் நீளத்து யூஎஸ்பி டாங்கிளே போதும். பணம் மீதமிருந்தால் ஹெட்ஃபோனில் போடுங்கள்.

வயர்லெஸ் வாங்கினால் தரம் குறையுமா?

முன்பு குறைந்தது. இப்போது ப்ளூடூத்தைப் பெரிய குற்றவாளியாக்க முடியாது. குறுந்தகட்டின் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி வழக்கமாக 328 வரை போகும், சோனியின் எல்டாக் 990 வரை. ஐபோன் எல்டாக் அனுப்பாது, ஏஏசி என்ற இன்னொரு முறையில்தான் அனுப்பும். அதுவும் பாட்டுக் கேட்க நன்றாகவே போதும். இந்த எண்களைவிட ஹெட்ஃபோனை எப்படி ட்யூன் செய்திருக்கிறார்கள் என்பதுதான் காதில் விழும்.

எனக்கு வயர்லெஸ்ஸில் குறையே வேறு. அதில் பேட்டரி இருக்கிறது, சில வருடத்தில் சோர்ந்துவிடும். பலவற்றில் அதை எளிதாக மாற்றவும் முடியாது. நல்ல வயர் ஹெட்ஃபோன் இருபது வருடம் ஓடும். சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997-ல், அன்று வாங்கியவர்கள் குஷனையும் வயரையும் மாற்றி மாற்றி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலேயே நடந்துகொண்டு, வேலை செய்துகொண்டு கேட்பவருக்கு வயர்லெஸ் சரி. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வயர் ஒரு தொந்தரவே இல்லை.

வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வீட்டில் உதவுமா?

மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக இரையும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாகவே விழுங்கும். பேச்சுக்குரல், பாத்திரம் விழும் சத்தம் இதற்கெல்லாம் அவ்வளவாக உதவாது. சிலருக்குக் காது அடைத்த மாதிரி ஓர் அழுத்தம் தோன்றும். ஆன் செய்தால் சில மாடல்களில் ஒலியின் குணமே மாறிவிடும் என்பதால் ஆன், ஆஃப் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். அமைதியான வீட்டில் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

ஹை-ரெஸ் பாட்டு, விலையுயர்ந்த கேபிள், நூறு மணி நேரம் பர்ன்-இன். இவையெல்லாம்?

ஹை-ரெஸ் (குறுந்தகட்டைவிட நுணுக்கமாகப் பதிந்த ஃபைல்): குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே மனிதக் காதின் எல்லையை அடக்கிவிடுகிறது. ஒரே பாட்டு இரண்டு வெளியீட்டில் வேறு வேறாகக் கேட்டால், காரணம் பெரும்பாலும் ஃபைல் அளவு அல்ல, மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை, செய்த ஆள்தான். நல்ல மாஸ்டரிங்கைத் தேடிப் பிடியுங்கள், அந்த உழைப்பு வீண் போகாது.

கேபிள்: அறுந்து போகாமல் இருக்கட்டும், கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். ஒலிக்காக வாங்க வேண்டாம்.

பர்ன்-இன் (புதியதை நிறைய நேரம் ஓடவிட்டுப் பழக்குவது): புது ஹெட்ஃபோன் போகப் போக நன்றாக இருப்பது போலத் தோன்றுவது உண்மை. குஷன் உங்கள் தலைக்கு ஏற்பப் படிகிறது, அதைவிட அதிகமாக உங்கள் மூளை படிந்து கொடுக்கிறது. பிடிக்காத ஹெட்ஃபோனை "இன்னும் ஐம்பது மணி நேரம் ஓடட்டும்" என்று வைத்திருந்து, திருப்பி அனுப்பும் நாளைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஈக்வலைசர் போடுவது தப்பா?

ஸ்தாயிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி அது, தப்பே இல்லை. சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று சிலர் அதைத் தீட்டு மாதிரி ஒதுக்குவார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை. ஓப்பன் பேக் டைனமிக் ஹெட்ஃபோன்களில் பலவற்றுக்கு ஆழ்ந்த பாஸ் குறைவு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபல் ஏற்றினால் வேறு ஹெட்ஃபோன் மாதிரி ஆகிவிடும். ஏற்றிய அளவுக்கு மொத்த ஒலியை, ப்ரீஆம்ப் என்று இருக்கும் இடத்தில், இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சத்தில் கரகரக்கும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கிறது. என் அந்தப் பளிச் ஹெட்ஃபோனைக் கூடக் கடைசியில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபல் இறக்கித்தான் மீட்டெடுத்தேன். ஆனால் தலைக்குப் பொருந்தாததையும் காதை வலிக்கச் செய்வதையும் எந்த ஈக்வலைசராலும் திருத்த முடியாது.

ஸ்பீக்கரில் எதிரே கேட்கிற பாட்டு, ஹெட்ஃபோனில் தலைக்குள்ளேயே கேட்கிறதே?

ஸ்டீரியோ பதிவுகள் பெரும்பாலும் ஸ்பீக்கரை மனதில் வைத்துக் கலந்தவை. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் ஒரு துளி தாமதமாக, கொஞ்சம் மெலிந்து வந்து சேரும். அதை வைத்துத்தான் மூளை இடத்தைக் கணிக்கிறது. ஹெட்ஃபோனில் இடது இடதுக்கே, வலது வலதுக்கே. 1960-களின் சில ஸ்டீரியோ பதிவுகளில் பாட்டு ஒரு காதிலும் தாளம் இன்னொரு காதிலுமாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் தலையே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். இதற்கு க்ராஸ்ஃபீட் என்ற வசதி பல ப்ளேயர்களில் இருக்கிறது. இரு பக்கத்தையும் லேசாகக் கலந்து கொடுக்கும். ஓப்பன் பேக் கொஞ்சம் விரிந்து கேட்கும், ஆனால் எதிரே மேடை தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு சத்தம் வரை காதுக்கு நல்லது?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10, 89-ல் 5. நல்ல ஹெட்ஃபோனில் ஓர் ஆபத்து, ஒலி சிதறாமல் சுத்தமாக இருப்பதால் உரக்க இருப்பதே தெரியாது. மெதுவாக வைத்துத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் காது அதற்குப் பழகிவிடும். கழற்றிய பின் காதில் "ஙொய்" என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது.

மாடல் பெயராக ஏதாவது சொல்லுங்களேன்.

இதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள், தெரியும். ஓப்பன் பேக்கில் குரலுக்காக எச்டி 600: ஆழ்ந்த பாஸ் குறைவு, இசை விரிந்து பரவாது, ஆனால் பாடுகிறவர் மனிதராகவே கேட்பார். பிளேனார் பக்கம் போக நினைத்தால் ஹைஃபைமேன் சண்டாரா. குளோஸ்டு பேக்கில் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ: குஷன் மெத்தென்றிருக்கும், பாகங்கள் தனியாகக் கிடைக்கும், ட்ரெபிள் மட்டும் சிலரின் காதைக் குத்தும். சோனி எம்டிஆர்-7506 ஸ்டூடியோக்களில் 1991-லிருந்து இருக்கிறது. பதிவின் குறையை விளக்கு போட்டுக் காட்டும், ஓய்வாகக் கேட்க எனக்கு அது ஒத்துவரவில்லை.

பழையது வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது?

வயர் ஹெட்ஃபோன் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டு பக்கமும் ஒரே உரப்பில் கேட்கிறதா, வயரை அது கிண்ணத்தில் நுழையும் இடத்தில் ஆட்டினால் ஒலி விட்டு விட்டு வருகிறதா என்று பாருங்கள். குஷன் நைந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே மாடலுக்கான குஷனையே போடுங்கள்; தடிமனோ துணியோ மாறினால் ஒலியும் மாறிவிடும். செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து கன்னத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும், வெல்வெட் வகை அதைவிட நாள் தாங்கும்.

இன்னொன்று: 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். சுத்தமான உறுமல் மட்டும் வர வேண்டும். என்னுடையதில் ஒருமுறை இடது பக்கம் மட்டும், பாஸ் வரும்போதெல்லாம் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ரீங்காரம். டிரைவர் போய்விட்டது என்று புதிதாக வாங்க விலையெல்லாம் பார்த்துவிட்டேன். குஷனைக் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் ஜவ்வின் மேல் ஒரே ஒரு தலைமுடி, சல்லடைத் துளை வழியாக உள்ளே நுழைந்து படுத்திருக்கிறது. ட்வீஸரால் நுனியைப் பிடித்து மெல்ல உருவினேன். ரீங்காரம் நின்றுவிட்டது.